பிரேக் பிடிக்கலை

"மெக்கானிக்குக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்கிறேன்னு அம்மாவைக் கொன்னுட்டான்."

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா இதையே சொன்னாள். தம்பி காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

அவன் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

'பிரேக் பேட் மாத்துறது என்ன பெரிய வித்தையா' என்று வாசலிலேயே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, அவனே மாற்றியிருந்தான். மறுவாரம் அப்பா அந்தக் காரில்தான் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். இறக்கத்தில் கார் நேரே போய்ச் சுவரில் மோதியது. அப்பாவுக்குக் கை முறிந்தது. அம்மா வீடு திரும்பவில்லை.

"முழுசா மிதிச்சேம்மா. பிடிக்கவே இல்லை," என்று அப்பா அக்காவிடம் புலம்பினார்.

ஒர்க்‌ஷாப்பில் காரைப் பார்த்துவிட்டு வந்த தம்பி, "நான்தாம்பா சரியா மாட்டலை," என்றான். அதோடு அப்பா அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

காரில் கிடந்த அம்மாவின் கைப்பையை எடுத்துவர அக்கா ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

மெக்கானிக் பையைக் கொடுத்துவிட்டுத் தயங்கினார். "தம்பி உங்ககிட்டயும் சொல்லலியா? பிரேக்ல ஒரு குறையும் இல்லைங்க."

"அப்பா மிதிச்சாரே?"

"மிதிச்சது ஆக்ஸிலேட்டரை. மோதின இடத்துக்கு எதிர்க்கடை கேமராவுல பதிவாகியிருக்கு. பிரேக்கை மிதிச்சா பின்னாடி எரியுற சிவப்பு லைட் எரியவே இல்லை, வேகம்தான் கூடுது. தம்பியும் பார்த்தார். 'அப்பாவுக்குத் தெரிஞ்சா உயிரை விட்டுடுவார், யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். தம்பி கொண்டுவந்து வைத்த மாத்திரை தொடப்படாமல் கிடந்தது. அவன் கதவோரம் நின்றிருந்தான்.

"காரைப் பார்த்தியாம்மா?" அப்பாவின் குரல் இறங்கியது. "ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். நிஜமாவே பிரேக்தானா? இல்லை, நான் கால் மாத்தி ஏதாவது..."

தம்பி அவளையே பார்த்தான். கெஞ்சுகிற பார்வை.

அக்கா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரையைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"பிரேக்தாம்பா. அவன் சரியா மாட்டலை."