மிளகுக்குப் பிடித்தது ஈரல்

விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் பூப்போட்ட கண்ணாடித் தட்டில், வேகவைத்த ஈரல் ஆறிக்கொண்டிருந்தது.

நாய்க்கு.

அவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பழம் நறுக்க மட்டும் என்று தனியாக வைத்திருந்த பலகையில் ரத்தக்கறை. பால் காய்ச்சும் பாத்திரத்தின் ஓரமெல்லாம் சாம்பல் நிற நுரை. நடுவில் அவளுடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவள் கணவர், கத்தரிக்கோலால் ஈரலைப் பட்டாணி அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு முட்டை அவித்துத் தந்தவரில்லை. அவள் காய்ச்சலில் விழுந்து கிடந்தபோது ரொட்டியை உறையோடு கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போன மனிதர்.

"என்ன நடக்குது என் அடுப்படியில?"

அவர் நிமிர்ந்து, அவள் முகத்துக்கு நேராகத் திரும்பினார். "இதுக்கு எது பிடிக்குதுன்னு பாக்கறேன்."

இது என்றால் மிளகு. மகள் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து இந்த வீட்டில் விட்ட கறுப்பு நாய். அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் கையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குக்கூட அந்தக் கையை அப்படிப் பார்த்த ஞாபகமில்லை.

ஒரு கையில் பிஸ்கட், ஒரு கையில் ஈரல். இரண்டையும் மூடி நீட்டினார். மிளகு ஈரல் கையை முட்டியது. ஈரலும் சீஸும் வைத்தார். ஈரல்தான். கேரட் துண்டை வாயில் வாங்கி, அவள் துடைத்த தரையில் மரியாதையாகத் துப்பியது.

அவருக்கோ மகனுக்கு மெடல் கிடைத்த மாதிரிப் பூரிப்பு.

"பிஸ்கட்டை மென்னு முடிக்கறதுக்குள்ள எதுக்குக் குடுத்தோம்னு அதுக்கு மறந்துடும். ஈரல்னா ஒரே முழுங்கு. வேலை கஷ்டம்னா கூலியும் நல்லா இருக்கணும்."

"வெட்டியா திங்கிற நாய்க்கு அப்படி என்ன கஷ்டமான வேலை?"

அவர் கை கழுவக் குழாய்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னார். வாய்க்குள்ளேயே. இப்போதெல்லாம் அவருக்கு இதுவே வழக்கமாகிவிட்டது, பதிலைத் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிடுவது. அவள் திருப்பிக் கேட்கவில்லை. நாய் விஷயத்துக்கெல்லாம் இரண்டு முறை கெஞ்சுமளவுக்கு அவள் மானம் கெட்டுப்போகவில்லை.

மகளாவது ஒழுங்கா என்றால் அதுவுமில்லை. வந்த நாளிலிருந்து பேச்செல்லாம் தொண்டை கிழியக் கத்தல்தான். பெற்ற தாயிடம் இப்படியா என்று கேட்டதற்கு, பெண் அழுதுகொண்டு எழுந்து போய்விட்டது. ஒருவர் முணுமுணுப்பு, ஒருத்தி கூப்பாடு. நடுவாந்தரமாகப் பேச இந்த வீட்டில் ஆளே இல்லை.

"நீ செத்த நேரம் உக்காரு" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். காரில் எதையோ மறந்து வைத்துவிட்டேன் என்று, கூடத்தில் இருந்த மகள் கத்திவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே போனாள்.

அவள் உட்கார்ந்தாள். பலகையை எடுத்துக் கறையைச் சுரண்டத் தொடங்கினாள்.

சும்மா படுத்திருந்த மிளகு திடீரென்று எழுந்தது. கூடத்துப் பக்கம் ஓடியது, திரும்பி வந்தது, முன்னங்காலைத் தூக்கி அவள் முழங்காலில் வைத்தது. காலையில்தான் துவைத்து மடித்து எடுத்த உடுப்பு.

"சீ, போ!"

கணவர் பாய்ந்து வந்து அதன் வாயில் ஈரலைப் போட்டார். தலையைத் தடவினார். முதுகைத் தட்டினார். "அப்படித்தான்டா என் ராஜா!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்புப் பண்ணினால் அதட்டுவார்கள், அல்லது கண்டுகொள்ளாமல் விடுவார்கள். மேலே ஏறி அழுக்காக்கினால் பரிசு கொடுக்கிற வீட்டை அவள் எங்கும் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மறுபடி கூடத்துக்கு ஓட்டம், மறுபடி முழங்காலில் கால். இந்த முறை நகத்தால் பிராண்டவே செய்தது.

மறுபடி ஈரல். மறுபடி ராஜா.

"என் மேல ஏறுறதுக்குக் கூலியா? என்னை மிதிக்கத்தான் இவ்வளவு நாளா பழக்கிட்டு இருந்தீங்களா?"

பலகையைப் படாரென்று போட்டுவிட்டு எழுந்தாள். இந்த நாயைக் கொண்டுவந்தவளிடமே நேராகக் கேட்டுவிடுவது, இன்றைக்கே இதைக் காரில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிவிடுவது என்று கூடத்துக்குள் நடந்தாள். மிளகு அவளுக்கு முன்னால் ஓடியது. இரண்டடிக்கு ஒருமுறை நின்று, அவள் வருகிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. வாசற்கதவின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் கதவை வெடுக்கென்று திறந்தாள்.

வெளியே மகள் நின்றிருந்தாள். அவளுடைய கட்டைவிரல் அழைப்புமணியின் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

மணி, உள்ளே நின்ற அவள் தலைக்கு மேலேயே, கதவு நிலையை ஒட்டிச் சுவரில் இருந்தது. அவள் அண்ணாந்து அதையே பார்த்தாள். வீடு அமைதியாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

மகள் விரலை எடுத்தாள்.

அவள் திரும்பினாள். கணவர் ஈரல் பிசுபிசுக்கும் கையோடு பின்னால் நின்றிருந்தார்.

"இதுக்குத்தான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் உதடுகள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அசைந்தன.

சொன்னேன்.