ஐந்தாம் குழியின் மணி

"அந்தம்மா இன்னிக்கும் உயிரை வாங்குறாங்க, மச்சான்!"

கான்ட்ராக்டர் கோல்ஃப் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு கொதித்தார். ஐந்தாம் குழிக்கு அடிக்க வேண்டும். எதிரே ஒரு மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று இங்கிருந்து தெரியாது. அதனால் அங்கே ஒரு மணி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முன்னால் ஆடுகிறவர் ஆடி முடித்து விலகியதும் அதை அடிக்க வேண்டும். சத்தம் கேட்ட பிறகுதான் பின்னால் இருப்பவர் பந்தைத் தொடலாம்.

இன்று முன்னால் ஆடுவது மருந்துக்கடைக்கார அம்மா. அவருக்கு ஆடி முடிக்க நேரமாகாது. மணி அடிக்கத்தான் நேரமாகும்.

"ஞாயித்துக்கிழமை ஆனா இதே கூத்து. மணிக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சுக்கிட்டு இருக்காங்களோ என்னமோ!"

"சீட்டைக் குடுத்தா மருந்து தேடுற மாதிரி மணியைத் தேடுறாங்க போல, மாமா" என்றான் மச்சான்.

"நீ சிரிப்பே. அப்பாவைப் பயிற்சித் திடல்ல தனியா விட்டுட்டு வந்திருக்கேன். காது சுத்தமா கேக்காது. யாராவது ஏதாவது கேட்டா திருதிருன்னு முழிப்பாரு."

"அவரையும் நம்மகூட ஆட விடலாமே?"

"நல்லா சொன்னே போ! கையகல இடத்துல பதினெட்டுக் குழியைத் திணிச்சு வச்சிருக்கான். எந்தப் பந்து எங்கேருந்து பறந்து வரும்னே தெரியாது. 'பந்து வருது'ன்னு கத்தினா அவர் காதுல விழுமா? அங்கேயே உருட்டிக்கிட்டு இருங்க, நகரக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்."

மணி அடித்தபாடில்லை.

கான்ட்ராக்டருக்குப் பொறுமை போய்விட்டது. பந்தை வைத்தார். காலை அகட்டினார். மட்டையை ஓங்கினார்.

"மாமா! மணி அடிக்கல!" மச்சான் பாய்ந்து மட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுடா! இவ்வளவு நேரமா அங்கே யாரு நிக்கப் போறா?"

"வேணாம் மாமா. உங்க பந்து எப்பவும் வலது பக்கம் ஓடுற பந்து. யார் மண்டையையாவது பதம் பாத்துடும்."

அது உண்மைதான். எவ்வளவு குறி பார்த்து அடித்தாலும் அவர் பந்து வலப்பக்கம்தான் வளையும். உண்மையைச் சொன்னதால் கோபம் இன்னும் ஏறியது.

"நேர்லயே கேட்டுட்டு வரேன். இன்னிக்குக் கமிட்டியில புகார் குடுக்காம விடப் போறதில்லே!"

மட்டையை மச்சான் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று மேடேறினார்.

அந்தப் பக்கம் மருந்துக்கடைக்கார அம்மா சும்மாதான் நின்றிருந்தார். ஆடி முடித்து, குழியில் கொடியைக்கூடத் திரும்ப நட்டாகிவிட்டது. கையில் மணிக்கயிறு.

"ஏம்மா, ஆடி முடிச்சாச்சு இல்லே? மணி அடிக்க உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"கோவிச்சுக்காதீங்க சார். ஒரே நிமிஷம்."

வலது பக்கம் கை காட்டினார். அங்கே எட்டாம் குழியின் புல்தரை ஐந்தாம் குழியை உரசிக்கொண்டு கிடந்தது. நடுவில் ஒரு மரம்கூட இல்லை. வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

"அவரு இந்தக் குழியில ஆடல. ரூல்படி நான் அடிச்சிடலாம். ஆனா வலது பக்கம் வளையிற பந்தெல்லாம் அங்கேதான் வந்து விழுது. அவருக்கு மணியும் கேக்காது, கத்தினாலும் கேக்காது. அதான் அவரு தாண்டுற வரைக்கும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

"காது கேக்காதவரைத் தனியா விட்டிருக்காங்களே, வீட்டுல மனுஷங்க இல்லையா?"

"மகன் இருக்காராம். ரொம்பக் கண்டிப்பாம். பயிற்சித் திடலை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாராம். எட்டாம் குழி அதுக்குப் பக்கத்துலதானே ஆரம்பிக்குது? நைசா நழுவி வந்து, இந்த ஒரு குழியை மட்டும் ஆடிட்டு, நல்ல பிள்ளையா திரும்பிப் போயிடுவாரு. 'ஒரு குழி ஆடினா ஒரு வாரம் தாங்கும்மா'ன்னாரு."

கான்ட்ராக்டர் அந்த வெள்ளைத் தொப்பியை உற்றுப் பார்த்தார். சற்று முன் ஓங்கிய மட்டை நினைவுக்கு வந்தது. மச்சான் மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால்?

பெரியவர் அடித்தார். பந்து கொஞ்ச தூரம் போய் வலப்பக்கம் வளைந்தது. அதற்கே அவர் தொப்பியைக் கழற்றி வீசி, தனக்குத் தானே கை தட்டிக்கொண்டார்.

கான்ட்ராக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

கீழேயிருந்து மச்சானின் குரல் கேட்டது. "என்ன மாமா, அடிக்கட்டுமா?"

அந்த அம்மாவின் கையோடு சேர்த்துத் தானும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"மட்டையைக் கீழே வை, மச்சான்! அப்பா ஆடிக்கிட்டு இருக்காரு!"