செருப்புக் கடைக்காரர் பார்த்த ரிப்பேர்

"ஒரு பொட்டுச் சத்தம் வரலையே!" என்று லேப்டாப்பின் மேல் காதை வைத்துக் கேட்டார் செருப்புக் கடைக்காரர். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. பெண்டாட்டிக்காக மனுஷன் எப்படித் துடிக்கிறார் பார் என்று யாரும் மெச்சியிருப்பார்கள்.

திரையில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூ. வாய் அசைவது தெரிந்தது. என்ன கேட்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

அவர் மனைவி ஒரு தாளில், 'எனக்கு எதுவும் கேட்கவில்லை, மன்னிக்கவும்' என்று எழுதி கேமரா முன்னால் பிடித்தாள். நடுவில் இருந்த கண்ணாடிக்கார அம்மா, நிதானமாகச் சரி செய்யுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார்.

விஷயம் என்னவென்றால், காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, செட்டிங்ஸுக்குள் புகுந்து ஸ்பீக்கரை அணைத்து வைத்ததே இவர்தான்.

எல்லாம் கடைக்காக. செருப்பு கடிக்கிறது, வார் பிய்ந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசி, போகும்போது இன்னொரு ஜோடியும் வாங்க வைக்கிறவள் அவள். இவர் வாயைத் திறந்தாலோ, வாங்க வந்தவனும் செருப்பைக் கழற்றிக் காட்டிவிட்டுப் போவான். அவளிடம் "வேலைக்குப் போகாதே" என்று நேருக்கு நேர் சொல்லத் தைரியமும் இல்லை.

"பதறாதீங்க. சத்தத்தைக் கூட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"முழுசாத்தான் வச்சிருக்கு."

"இந்த ஸ்பீக்கர் படத்து மேல சிவப்பா ஒரு பெருக்கல் குறி இருக்கே, அது என்னங்க?"

"அதுவா... அது எல்லா லேப்டாப்லயும் இருக்கும்." திருட்டு முழி அவள் கண்ணில் படாமல் திரும்பிக்கொண்டவர், எரிந்து விழுந்தார். "உன் தம்பி தலையில கட்டின பழைய பெட்டிதானே? வேற எப்படி இருக்கும்? நான் என்ன மெக்கானிக்கா?"

வேறு ஒருத்தியாக இருந்தால் தம்பியை இழுத்ததற்கே வீடு ரெண்டாகியிருக்கும்.

"அவன் கெடக்கான், அவனை அப்புறமா சேர்ந்தே திட்டலாம். உங்களுக்குக் கோவம் வர்றது நியாயந்தான். நேத்து சத்தம் வந்துச்சா, யோசிச்சுச் சொல்லுங்க."

"வந்துச்சு."

"அப்ப பெட்டி மேல குத்தமில்ல. நடுவுல ஏதோ மாறியிருக்கு. ஒண்ணொண்ணா பாத்துருவோம்."

அவர் அவசரமாகச் சார்ஜர் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார்.

"ஏங்க, நாம இங்க பேசிக்கிட்டு இருக்கறது அவங்களுக்குக் கேக்குமோ?"

"எப்படிக் கேக்கும்? செத்த பெட்டி. சத்தம் வர்றதும் இல்ல, போறதும் இல்ல." செத்த பெட்டி என்றது பொய்தான். ஆனால் சத்தம் அந்தப் பக்கம் போகாது என்பதை அவர் மெய்யாகவே நம்பினார்.

திரையில் இடது பக்கத்து ஆள் முன்னால் குனிந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். வலது பக்கத்து இளைஞன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவளைப் பார்த்தா சிரிக்கிறான்? என்னால்தானே இந்தக் கேலி, என்று கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

அவள் மேஜையில் பரப்பியிருந்த சான்றிதழ்களை அடுக்கத் தொடங்கினாள்.

"விடுங்க. நமக்குக் குடுத்து வைக்கலன்னு நெனச்சுக்கறேன். எனக்காக நீங்களும் எவ்வளவு நேரந்தான் போராடுவீங்க? போய்க் கடையைத் தொறங்க, நான் பின்னாலயே வந்துடறேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். செருப்பு கடித்தால் கழற்றி எறியலாம். இதை எங்கே கழற்றுவது?

"இந்தாம்மா... நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"ஸ்பீக்கரை அணைச்சு வச்சது நான்தான். நீ போயிட்டா கடை படுத்துடுமேன்னு... புத்தி கெட்டுப் போச்சு." சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டார்.

அவள் அவரையே பார்த்தாள். கையில் இருந்த தாள்களை மேஜையில் வைத்தாள். லேப்டாப்பைத் தூக்கி மண்டையில் போட்டிருந்தாலும் அவர் வாங்கிக்கொண்டிருப்பார்.

"எனக்கு இது ரொம்ப வலிக்குது," என்றாள், குரல் உயராமல். "ஆனா நீங்களா வாயைத் தொறந்து சொன்னீங்க பாருங்க, அதை நான் கணக்குல வச்சுக்கறேன். எங்க அணைச்சீங்களோ அங்கயே போய்ப் போட்டு விடுங்க. சண்டையைச் சாயங்காலம் வச்சுக்கலாம்."

அவர் தட்டுத் தடுமாறி செட்டிங்ஸைத் திறந்து, ஸ்பீக்கரைப் போட்டார். சிவப்புக் குறி மறைந்தது.

முதலில் வந்த சத்தம், அந்த மூன்று பேரின் சிரிப்பு. கண்ணாடிக்கார அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவுக்கு அருகில் வந்தார்.

"எங்களுக்கு மொதல்ல இருந்தே எல்லாம் கேட்டுச்சும்மா. எப்ப வந்து வேலைல சேர்றீங்க?"