உள்ளே ஒரு பஞ்சு

"நம்ம குடும்ப விஷயத்தை டி.வி.க்காரன் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது யாரு? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

பெரிய டாக்டர் கைகளை இறுக்கக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி அவருடையது. கட்டிலில் படுத்திருந்தவள் அவர் மனைவி. ஊர்ப்பட்ட பிரசவம் பார்த்தவள், இப்போது இதய வால்வு பழுதாகி அவளே நோயாளி. ஜன்னலோரம் மகன், அப்பாவைப் போலவே இதய சர்ஜன். கதவோரம் மருமகள், மயக்க ஊசி போடும் டாக்டர். நான்கு பேரும் டாக்டர்கள்தான். ஆனால் அந்தக் குடும்பச் சண்டைக்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

"மெதுவா பேசுங்கப்பா. நாளைக்குக் காலைல அம்மாவுக்கு ஆபரேஷன். இப்ப இதுவா முக்கியம்?"

"இதுதான்டா முக்கியம்."

சாயங்காலம் வரும் ஒரு ஆஸ்பத்திரி சீரியல்தான் பிரச்சினை. அதிலும் ஒரு டாக்டர் குடும்பம். மகன் வேறு ஆஸ்பத்திரிக்குத் தாவப் பார்த்தது, அப்பாவும் மகனும் லிஃப்டில் ஆளுக்கொரு மூலையாக முறைத்துக்கொண்டு நின்றது, மனைவி நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்று மறைத்தது, எல்லாம் அச்சு அசலாக அதில் வந்துவிட்டது. கேன்டீனுக்குள் இவர்கள் நுழைந்தாலே நர்சுகள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். மானம் கப்பலேறிவிட்டது.

"ஆபரேஷன் முடிஞ்சு நெஞ்சை மூடுறதுக்கு முன்னாடி பஞ்சை எண்ணுவோமில்ல? ஒண்ணு குறைஞ்சா என்ன அர்த்தம்?" என்றார் பெரிய டாக்டர்.

"உள்ளேயே தங்கிடுச்சுன்னு அர்த்தம்."

"விட்டா சீழ் பிடிச்சு ஆளையே முடிச்சிடும். அதான் எண்ணிப் பார்க்கிறேன். நீ சொன்னியா?"

"நான் வேற வேலை தேடினதை நானே தம்பட்டம் அடிப்பேனா?" மகனுக்குக் கோபம் வந்தது. "கதை எழுதுறவரு நம்ம பேஷன்ட்தானே? பைபாஸ் பண்ணப்போ மயக்கம் கொடுத்தது இவதான். இவகிட்ட வாயைக் கிளறியிருப்பாரு."

"ஓ! மயக்கத்துல கிடந்தவரு என் வாயைக் கிளறினாராக்கும்?" மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, சத்தியமா நான் இல்ல. அதுல என்னைக் கல்நெஞ்சக்காரியா காட்டுறாங்க. நானே சொல்லிக் கொடுப்பேனா?"

"என்னைக் கேக்கவே வேண்டாம்," என்றாள் கட்டிலில் இருந்தவள். "அதுல என்னை மாதிரி வர்றவ எப்பப் பாரு மூக்கைச் சிந்துறா. நான் என்ன அப்படியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு அந்த அறையில் இருக்க முடியாது.

மருமகள் கொடுத்த காபி பெரிய டாக்டர் பக்கத்தில் தொடாமலே ஆறிக்கொண்டிருந்தது. மகன் மீண்டும் ஆரம்பித்தான்.

"அப்பா, கடைசியா கேக்குறேன். அம்மா ஆபரேஷனை நான் பண்றேன். உங்களுக்கும் வயசாகுது."

"அந்தப் பேச்சே வேண்டாம்," என்று அம்மா வெட்டினாள். "அவர் கைதான் என் நெஞ்சைத் தொடணும். இல்லேன்னா எனக்கு ஆபரேஷனே வேண்டாம். எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்."

ஆபரேஷன் இல்லையென்றால் அவள் அதிக நாள் தாங்க மாட்டாள் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும்தான். அவள் பிடிவாதத்துக்கு முன் யார் படிப்பும் எடுபடவில்லை.

"டி.வி.யைப் போடு," என்றார் பெரிய டாக்டர் மகனிடம். ரிமோட் அவர் மடியில்தான் இருந்தது. "இன்னைக்கு என்ன வருதுன்னு பார்ப்போம். ஒருத்தரும் எழுந்து போகக் கூடாது."

சீரியல் தொடங்கியது. திரையில் அந்தப் பெரிய சர்ஜன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். குழாயைத் திறந்து, வலது கையைத் தண்ணீரில் நீட்டினார். கை வெடவெடவென்று நடுங்கியது. இடது கையால் அதைப் பிடித்து அமுக்கினார். நிற்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து அழுதார்.

"இந்தக் கையால அவளைத் தொட்டா கொன்னுடுவேன். மாட்டேன்னு சொன்னா அவ ஆபரேஷனே வேண்டாம்னுடுவா. யாராவது என்கிட்டேருந்து கத்தியைப் பிடுங்குங்களேன்!"



"அபாண்டம்!" அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "ராசியான கையாச்சே! வாய் கூசாம எவன்டா எழுதினான்? கேஸ் போடுங்க!"

மகன் வெளிறிப்போய் மனைவியைப் பார்த்தான். "நீயா? தியேட்டர்ல அப்பா கையைப் பக்கத்துல நின்னு பார்க்கிறவ நீதான்."

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க! கொஞ்ச நாளா தையலை உதவியாளருங்களைப் போட விட்டாரு. கத்துக்கட்டும்னாரு, நம்பிட்டேன். அதுவும் இது பாத்ரூமுக்குள்ள நடக்குது. எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப வேற யாருக்குத் தெரியும்?" என்று கத்தினான் மகன்.

பெரிய டாக்டர் அதுவரை கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். காபிக் கோப்பையை எடுத்தார். அது தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டு, அவர் வெள்ளைக் கோட்டெல்லாம் காபியைக் கொட்டியது. மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"நாளைக்குக் கத்தியை நீ எடுத்துக்கோடா," என்றார் மகனிடம். "தாழ்ப்பாள் போட்ட பாத்ரூம்ல என்னைத் தவிர வேற யாரு இருந்தாங்க?"