ஐந்து டிகிரி

“சத்தியமா இனிப்பைத் தொடலைங்க.”

“அப்ப சர்க்கரை வானத்துலருந்தா ஏறுது?”

எட்டு மாதமாக இதே சண்டை. வேளை தவறாமல் இன்சுலின் போட்டும் மனைவிக்குச் சர்க்கரை இறங்கவில்லை. திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று முடிவு கட்டிய குளிர்சாதன மெக்கானிக் கணவன், சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் காலில் வந்த புண் ஆறாதபோதும், “வாயைக் கட்டலைன்னா இப்படித்தான்” என்றான்.

இன்று அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோர்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார்.

“அண்ணே, திரையில சரியா அஞ்சு டிகிரிதான் காட்டுது. ஆனா இன்னைக்கு விடியக்காலையிலயே திறந்தா, குளிரறைக்குள்ள இன்சுலினெல்லாம் ஐஸ்கட்டியா கிடக்கு!”

ஓடிப்போய்க் குளிரறையின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்த சிப் குளிரை அளக்கும் எந்த வகை சென்சாரையும் படிக்கும்; ஆனால் மாட்டியிருப்பது எந்த வகை என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். எட்டு மாதம் முன்பு பழைய சென்சார் கெட்டபோது வேறு வகையை மாட்டியவன் இவன்தான். சிப்புக்குச் சொல்ல மறந்திருந்தான்; அன்றிலிருந்து திரை காட்டியதெல்லாம் தப்புக் கணக்கு.

“தினம் ராத்திரி உறைஞ்சு பகல்ல உருகின மருந்தும் பச்சத் தண்ணியும் ஒண்ணுதாண்ணே” என்றார் ஸ்டோர்காரர். “ உங்க வீட்டுக்கும் இதுதானே போச்சு?”

வீட்டுக்கு ஓடினான். கட்டிலில் கிடந்தவளிடம் சாவியை நீட்டுவதற்குள் அவளே பேசினாள்.

“உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேங்க. பக்கத்து வீட்டுல ஒரே ஒரு துண்டு கேக் தின்னேன். அதான் புண்ணு முத்திக் காலையே வெட்டி எடுக்க வேண்டியதாப் போச்சு. மன்னிச்சிடுங்க.”

சாவி திரும்பப் பைக்குள் போனது.

“சரி, விடு” என்றான். “இனிமேலாவது வாயைக் கட்டு.”