முதலிடம் பிடித்த படம்

“சார், உங்க பத்துப் படப் பட்டியல்ல முதல் படத்தைப் பார்த்துட்டேன். மாலுமி கரை சேர்ந்துடுவான்னீங்க, கடல்ல மூழ்கிச் செத்தே போயிட்டானே!” என்று போனில் குறைப்பட்டுக்கொண்டாள் கிளை அலுவலக டைப்பிஸ்ட். இருவருக்கும் குரலில் மட்டுமே பழக்கம்.

மறுமுனையில் தலைமை அலுவலக டெலிபோன் ஆபரேட்டர் சிரித்தார். “என் பட்டியல்ல எந்தப் படத்துலயும் யாரும் சாக மாட்டாங்கம்மா.”

“அப்போ நீங்க படத்தைப் பார்க்கவே இல்லையா?”

“எனக்குக் கண் தெரியாதும்மா. தியேட்டர்ல என் சம்சாரம்தான் காதோரமா கதை சொல்லுவா. நான் வருத்தப்படக் கூடாதுன்னு முடிவை மட்டும் மாத்திடுவா.”

“மாத்தினது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் குரல் கனிந்தது. “அன்னிக்குத் தியேட்டரே விசும்பிச்சு. அவளும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே, ‘கரைக்கு வந்துட்டான், சிரிக்கிறான்’னு சொன்னா. அதான் அந்தப் படத்துக்கு முதலிடம் கொடுத்தேன்.”