மாதிரி அறை

கல்லூரி வாசலின் பலூன் வளைவுக்குள் நுழையும்போதே அம்மா மகளின் கைபேசியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பை உடனே அதிர்ந்தது.

பக்கத்து வீட்டுச் செல்வமேரி அக்காவாகத்தான் இருக்கும். மகன் யுவேந்திரனை அவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தங்கச்சி வீட்டில் இல்லை என்பது இந்நேரம் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் எடுக்கவில்லை.

கல்லூரி மண்டபம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. இலவசப் பாப்கார்ன். அதிர்ஷ்டக் குலுக்கல். கூரை முழுக்கக் குட்டிக் குட்டி நாட்டுக் கொடிகள். இங்கே ஏ லெவல் படிப்பை முடித்தால் லண்டன், மெல்பர்ன் என்று எங்கே வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாமாம். ஒலிபெருக்கியில் ஒரு பெண், பேருந்து நிலையத்தில் ஆள் பிடிப்பதுபோல் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு லண்டன் வேண்டாம். மகளுக்குக் கிள்ளானில் இருக்கும் தங்கள் வீட்டைத் தவிர வேறு எந்த இடமாக இருந்தாலும் போதும்.

மகள் லோஷினியின் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடிவைப் பார்த்ததும் பிரவிந்த் என்ற இளம் ஆலோசகன் எழுந்தே நின்றுவிட்டான். கட்டணமே இல்லை, முழு உபகாரச் சம்பளம் என்றான். ஹாஸ்டலும் அதிலேயே அடக்கமாம்.

அம்மாவுக்கு அழுகை வந்தது. பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

யுவேந்திரனுக்குப் பிறந்ததிலிருந்தே பேச்சு இல்லை. உடம்பு மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. தங்கச்சி ஊட்டினால்தான் சாப்பிடுவான். தங்கச்சி குரல் கேட்டால்தான் தூங்குவான். அம்மா கிட்டே போனால் கடிப்பான். இந்த வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை போட்டிருந்தது அதனால்தான்.

கோயிலில் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொல்வார்கள்.

“உங்களுக்கு என்னம்மா கவல? உங்களுக்கு அப்புறம் பாத்துக்க அதான் தங்கச்சி இருக்காளே.”

நல்ல மனதோடுதான் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் அவள் முழுக்கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொள்வாள். பள்ளிக்கூடத்தை இப்போதுதான் முடித்த பிள்ளையை எடுத்து அவன் தட்டில் வைக்கிறார்களே!

மூன்றாம் மாடியில், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே ஓர் அறையைத் திறந்து வைத்திருந்தார்கள்.

ஒரு கட்டில். ஒரு மேசை. ஓர் அலமாரி.

லோஷினி மெத்தையை அழுத்திப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து மூடினாள்.

“கதவச் சாத்திப் பாக்கலாமா?” என்று கேட்டாள்.

பிரவிந்த் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அம்மாவும் வந்தாள்.

கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

வீட்டில் குளிக்கும்போதுகூடத் தாழ்ப்பாள் போட முடியாது. அண்ணன் கதவில் தலையால் முட்டுவான்.

கதவு உடனே திறக்கவில்லை. பிரவிந்த் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். திறக்காவிட்டால் பரவாயில்லை என்று அவள் நினைத்தாள். அப்படியே உள்ளேயே இருந்துவிடேன், கண்ணு.

திறந்தபோது லோஷினியின் முகம் சின்னப் பிள்ளையின் முகமாக இருந்தது.

கடவுளே, இது போதும்.

“கிள்ளான்தானே நீங்க?” என்றான் பிரவிந்த், உதவி செய்கிற உற்சாகத்தில். “ஹாஸ்டல் கட்டாயம் இல்ல ஆன்ட்டி. ட்ரெய்ன்ல தினமும் வந்து போகலாம்.”

அவன் வாயை அடைக்கலாம் போல் இருந்தது.

லோஷினியின் முகம் பழையபடி பெரிய மனுஷி முகமாகிவிட்டது.

“அப்ப நான் வந்து போறேன்மா. அண்ணனுக்குச் சாப்பாடு குடுக்கணும்ல.”

“அவன நான் பாத்துக்கறேன்.”

“உங்ககிட்ட சாப்பிட மாட்டாம்மா.”

உண்மைதான்.

பை மறுபடியும் அதிர்ந்தது. லோஷினி கையை நீட்டினாள். கைபேசியில் தங்கச்சி குரலைக் கேட்டால் அவன் அடங்கிவிடுவான். அவன் அடங்கிவிட்டால், தான் இல்லாமல் அவனுக்கு ஆகாது என்று இவள் வீட்டுக்கே வந்துவிடுவாள். வந்தால் அவ்வளவுதான். கடிபட்ட தன் கைகளுக்கு ஆன கதிதான் ஒருநாள் இந்தக் கைகளுக்கும்.

அம்மா பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மகளைப் பார்க்காமல் பிரவிந்தைப் பார்த்துப் பேசினாள்.

“இவ இருக்கறதாலதான் தம்பி அவன் என்கிட்ட வர மாட்றான். பெத்தவ நான். என் பிள்ளைய இவ பிடிச்சு வெச்சுக்கிட்டா. இவ போனாத்தான் எனக்கு அவன் கிடைப்பான்.”

பொய். இவளைக் கிளப்ப என்ன சொல்லலாம் என்று ரயிலில் வந்த வழியெல்லாம் யோசித்தும் வராத பொய். இப்போது தானாக வாயில் வந்து விழுந்தது. சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போல் இருந்தது.

லோஷினி நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

பிரவிந்துக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“வெள்ளிக்கிழம ஆனா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க ஆன்ட்டி. இங்க யாரும் இருக்க மாட்டாங்க.”

லோஷினி அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

“நான் போகாம இங்கயே இருக்கலாமா?” என்று அவனிடம் கேட்டாள்.

அவன் கொஞ்சம் தயங்கினான்.

“இருக்கலாம்.”

“லீவுலயும்?”

“கேட்டா விடுவாங்க.”

லோஷினி தலையாட்டினாள்.

எதற்காக அழைத்து வந்தாளோ அது கிடைத்துவிட்டது. அம்மா அறைக்குள் போய்க் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.